தக்காளி அக்கா

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மாதத்து மழை நாள் ஒன்றில் என் மகன் போய்விட்டான். அதற்கு அடுத்து வந்த கிறிஸ்துமஸுக்குச் சில நாட்கள் முன்னால், இண்டூரைத் தாண்டி உள்ளே தள்ளி இருக்கிற ஒரு சின்ன ஊரின் தக்காளிக் காட்டில் நடந்ததைத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அவனிடமிருந்து ஆரம்பிக்காமல் அதைச் சொல்ல முடியாது.

நாங்கள் தருமபுரி டவுனில் இருக்கிறோம். நான் ஒரு ஜவுளிக் கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறேன். என் கணவருக்கு எலக்ட்ரிக்கல் கடையில் வேலை. இரண்டு பேருமே விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்கள்தான், ஆனால் நிலமெல்லாம் எங்கள் அப்பாக்கள் காலத்திலேயே கைவிட்டுப் போயிற்று. ஒரே பையன். பிளஸ் டூ முடித்துவிட்டு, "அக்ரி படிக்கப் போறேன்" என்று அவன் வந்து நின்றபோது எங்களுக்குச் சிரிப்புதான் வந்தது. மாடியில் இருக்கிற நாலு தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னால் மறந்துவிடுகிறவன் அவன்.

கல்லூரியில் சேர்ந்த பிறகு ஆளே மாறிவிட்டான். அங்கே மாணவர்கள் சேர்ந்து நடத்தும் வேளாண் மன்றம் ஒன்று இருந்தது. சனிக்கிழமைகளில் பத்துப் பன்னிரண்டு பேராகக் கிளம்பி ஏதாவது ஒரு கிராமத்துக்குப் போவார்கள். சாயங்காலம் பால் ஊற்ற ஜனங்கள் வருகிற நேரம் பார்த்து, பால் சொசைட்டி வாசலில் படங்களை மாட்டிவிட்டுப் பேசுவார்கள். மண் பரிசோதனைக்கு மண் எடுப்பது எப்படி, எந்தப் பூச்சி நல்லது, எது கெட்டது, மருந்தடிக்கும்போது மூக்கை ஏன் மூட வேண்டும், இப்படி. முதல் தடவை போய்வந்த அன்று, "யாருமே நிக்கலம்மா, பால் ஊத்திட்டுப் போய்க்கிட்டே இருந்தாங்க" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். சில மாதம் கழித்து அவன் போன் ஓயாமல் அடிக்க ஆரம்பித்தது. யார் யாரோ கூப்பிடுவார்கள். சோற்றுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து போய், "இலைக்கு அடியில பாத்தீங்களா? மொதல்ல அதப் பாருங்க, அப்புறம் மருந்தப் பத்திப் பேசலாம்" என்று சொல்லிக்கொண்டிருப்பான். கூப்பிடுகிறவர்களை அவன் போனில் பேர் போட்டு வைத்திருக்க மாட்டான். 'குச்சிக்கிழங்கு அண்ணன்', 'சாமந்தி மாமா' என்று பயிர் பேரையும் முறையையும் சேர்த்து வைத்திருப்பான். அதில் ஒருவர்தான் 'தக்காளி அக்கா'.

அந்த ஐப்பசிச் சனிக்கிழமை மன்றத்தில் யாரும் எங்கேயும் போவதாக இல்லை. காலையில் தக்காளி அக்கா கூப்பிட்டிருக்கிறார். நட்ட நாற்று அங்கங்கே வாடி விழுகிறது, ஒரு தடவை வந்து பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். இவன் அப்பாவுடைய வண்டியை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பிவிட்டான். மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. கடையிலிருந்தே நான் இரண்டு தடவை கூப்பிட்டேன். "கெளம்பிட்டேம்மா, வந்துட்டேன்" என்றான். இருட்டுகிற நேரம். டவுனுக்குள் நுழைவதற்குக் கொஞ்சம் முன்னால், பழுதாகி ரோட்டோரம் நின்றிருந்த ஒரு லாரி அந்த மழையில் அவன் கண்ணுக்குத் தெரியவில்லை.

இதற்கு மேல் அந்த நாளைப் பற்றி என்னால் எழுத முடியாது.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. எல்லோரும் பழைய கல்லறைகளுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பையனுடைய மண்மேடு இன்னும் ஈரமாகவே இருந்தது. அவன் கூடப் படித்த பிள்ளைகள் தூரத்தில் நின்றார்கள், கிட்டே வரவில்லை. அவர்கள்மேல் எனக்கு எவ்வளவு கோபம் இருந்தது என்பதை அவர்களும் தெரிந்துதான் வைத்திருக்க வேண்டும். மன்றம், கிராமம், தக்காளி என்று எந்தச் சொல் காதில் விழுந்தாலும் உடம்பு பற்றி எரிந்தது. முக்கியமாக அன்றைக்கு அவனைக் கூப்பிட்ட பெண்மேல், முகமே தெரியாத அந்தத் தக்காளி அக்காமேல். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து அவன் பையையும் போனையும் கொடுத்தார்கள். கண்ணாடி விரிசல் விட்டிருந்தது, ஆனால் போன் வேலை செய்தது. கடைசி நாளில் காலையில் வந்த முதல் அழைப்பு அவருடையது. அதைப் பார்த்தபடியே எத்தனை நேரம் உட்கார்ந்திருப்பேன் என்று தெரியாது. இவள் அன்றைக்குக் கூப்பிடாமல் இருந்திருந்தால் என் பிள்ளை இங்கே இருப்பான். வேறு எதுவும் என் தலையில் ஓடவில்லை.

அந்தப் போனை நான் அணைத்து வைக்கவில்லை. தினமும் சார்ஜ் போட்டு கைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போவேன். ஆரம்பத்தில் வந்த இரண்டு மூன்று அழைப்புகளை என் கணவர் எடுத்து விஷயத்தைச் சொன்னார். அதற்கப்புறம் யாரும் கூப்பிடவில்லை.

நவம்பர் கடைசி என்று நினைக்கிறேன். மத்தியானம், கடையில் நாங்கள் சாப்பிட உட்காருகிற பின்கட்டில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தேன். பைக்குள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தால் திரையில் 'தக்காளி அக்கா'.

வாய்க்கு வந்ததை எல்லாம் கேட்டுவிடுவது என்றுதான் எடுத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கம் பேச்சு ஆரம்பித்துவிட்டது.

"தம்பி, நாந்தான். எலயெல்லாம் சுருண்டுக்கிட்டு வருது தம்பி. பூ வுடற நேரம், என்ன பண்றதுன்னே தெரியல…"

"நான் அவன் அம்மா பேசறேன்" என்றேன்.

"அம்மாங்களா! நல்லா இருக்கீங்களாம்மா? உங்களப் பத்தி நெறயச் சொல்லும் தம்பி. உங்க கொழம்பு வாசத்தக்கூடச் சொல்லியிருக்குது." குரலில் அப்படி ஒரு சந்தோஷம். பிறகு கேட்டார். "தம்பி இருக்குதுங்களா?"

இருக்கிறானா என்று என்னை ஒருவர் கேட்கிறார். அவ்வளவு நாளும் எல்லோரும் என்னிடம் இருந்தான், செய்தான், சிரித்தான் என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். இருக்கிறானா என்று யாரும் கேட்டதில்லை. இல்லை என்று சொல்ல வேண்டும். ஒரு சொல்தான். அது வரவே இல்லை.

"படிச்சிக்கிட்டிருக்கான், பரீட்சை" என்றேன். "என்னன்னு சொல்லுங்க. நான் கேட்டுச் சொல்றேன்."

போனை வைத்த பிறகு எனக்கே பயமாக இருந்தது. என்ன செய்துவிட்டேன்? ஆனால் அந்தக் குரலில் இருந்த தவிப்பும் போகவில்லை. வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருக்கிறார், இரண்டு பிள்ளைகள், அந்தக் காடு ஒன்றுதான் என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தார். யாரைக் கேட்பது? மன்றத்தில் அவனோடு சேர்ந்து எல்லா ஊருக்கும் போய்வந்த ஒரு பெண் இருந்தாள். அவள் எண் அவன் போனில்தான் இருந்தது. யோசிக்காமல் அதிலிருந்தே கூப்பிட்டுவிட்டேன்.

அந்தப் பக்கம் எடுத்தது தெரிந்தது. பேச்சு வரவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவள் போனில் யார் பேர் தெரிந்திருக்கும் என்று.

"நான்தாம்மா, அவன் அம்மா" என்றேன் அவசரமாக.

அவள் அழுது முடிக்கும்வரை நான் காத்திருந்தேன். நானும் அழுதேன். பிறகு விஷயத்தைச் சொன்னேன். நான் அவளைத் திட்டத்தான் கூப்பிட்டேன் என்று நினைத்திருக்கிறாள். இலை சுருளுகிறதாம், என்ன செய்ய வேண்டும் என்று நான் கேட்டதும் கொஞ்ச நேரம் ஒன்றும் புரியாமல் இருந்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்.

"அது வெள்ளை ஈ ஆன்ட்டி. அதுதான் நோயப் பரப்பும். நல்லா சுருண்டுபோன செடிய எல்லாம் வேரோட புடுங்கி எரிச்சிடச் சொல்லுங்க. மஞ்ச பெயின்ட் அடிச்ச டப்பால வெளக்கெண்ண தடவிக் காட்டுக்குள்ள அங்கங்க கட்டணும். ஈ அதுல வந்து ஒட்டிக்கும். சாயங்காலத்துல வேப்பெண்ண அடிக்கணும். கடைக்காரங்க சொல்ற மருந்த எல்லாம் கலந்து அடிச்சிட வேணாம்னு சொல்லுங்க."

அதை அப்படியே தக்காளி அக்காவுக்குச் சொன்னேன். எத்தனை இடத்தில் கட்டுவது, எண்ணெயோடு சோப்புக் கரைசல் சேர்க்க வேண்டுமா என்று அவர் திரும்பக் கேட்டார். நான் மறுபடியும் அந்தப் பெண்ணைக் கேட்டு மறுபடியும் சொன்னேன். கடைசியில், "தம்பி சொன்னா சரிதாம்மா" என்று வைத்துவிட்டார்.

அதோடு முடிந்திருக்கலாம். முடியவில்லை. அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். சுருட்டை நின்றுவிட்டது, புதுத் துளிர் நன்றாக வருகிறது என்று ஒரு நாள். காயில் ஓட்டை விழுகிறது என்று இன்னொரு நாள். நான் அந்தப் பெண்ணைக் கேட்டுச் சொல்வேன். சில நாள் செடியைப் பற்றி ஒன்றுமே இருக்காது, சும்மா கூப்பிடுவார். "தம்பி எளச்சிடாமப் பாத்துக்குங்கம்மா, அது சாப்பாட்டக் கண்டா ஓடற ஆளு" என்பார். அப்போதெல்லாம் என் மனது என்ன பாடுபட்டது என்பதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. வலித்தது. ஆனால் அந்த அழைப்புக்காகக் காத்திருக்கவும் செய்தேன். தருமபுரியில் அவன் இல்லை, எங்கள் வீட்டில் இல்லை, கோயிலில் அவன் வழக்கமாக உட்காரும் பெஞ்சில் இல்லை. அந்த ஒரு ஊரில் மட்டும் அவன் இன்னும் உயிரோடு இருந்தான். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். அதை என் கையால் முடித்து வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒரு நாள் காலையில் சமையலறையில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். தம்பி சாப்பிட்டாச்சா என்று கேட்டார். "சாப்பிட்டான், தோசை" என்றேன். திரும்பினால் பின்னால் என் கணவர் நின்றுகொண்டிருந்தார்.

"யாரு சாப்பிட்டது?" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "எத்தன நாளைக்கும்மா இப்டி?" என்றார். நான் போனை மறுபடி சார்ஜில் போட்டேன்.

டிசம்பர் பாதி தாண்டியது. தெருவில் எல்லா வீட்டிலும் நட்சத்திரம் தொங்கியது. நாங்கள் கட்டவில்லை. அப்போதுதான் தக்காளி அக்கா அந்த அழைப்பைச் செய்தார். காய் பழுக்க ஆரம்பித்துவிட்டது, முதல் பறிப்பு. "இந்தக் காடு தம்பி காப்பாத்திக் குடுத்தது. தம்பி கையாலதான் மொதக் காய் பறிக்கணும். பரீட்ச முடிஞ்சிருக்குமில்லங்களா? நீங்களும் வாங்கம்மா. நீங்க வந்தாத்தான் பெட்டில காய் வுழும்."

இனிமேல் மறைக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. போனில் சொல்லவும் கூடாது. நேரில் போய்ச் சொல்வது என்று முடிவு செய்தோம். என் கணவருக்கு அந்த ரோட்டில் போகிற தைரியம் இன்னும் வரவில்லை. மன்றத்துப் பெண் என்னோடு வருகிறேன் என்றாள். கிளம்பும்போது அவர் என்னை வாசலில் நிறுத்தி, "காய்ச்சல்ல போயிட்டான்னு சொல்லிடு. அங்க போய்ட்டு வரும்போதுன்னு சொல்லாத. அந்தம்மா தாங்காது" என்றார். சரி என்றேன். அத்தனை நாள் அந்த அம்மாவை மனதுக்குள் சபித்த நான் இதற்குச் சரி என்று சொன்னது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

பஸ் அந்த இடத்தைத் தாண்டும்போது அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

நாங்கள் இறங்கிய இடத்தில் ஒரு பெண் காத்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து, நாற்பது வயதிருக்கும். பழைய சட்டையைப் புடவைக்கு மேல் போட்டுக்கொண்டு, தலையில் துண்டு. மன்றத்துப் பெண்ணை ஏற்கெனவே தெரியும் என்பதால் சிரித்தபடி ஓடி வந்தவர், எங்கள் இரண்டு பேருக்கும் பின்னால் பஸ் படியைப் பார்த்தார். பஸ் கிளம்பிப் போய்விட்டது.

"தம்பி வர்லீங்களா?"

"போய் உட்கார்ந்து பேசலாம்" என்றேன்.

அவர் முகம் கொஞ்சம் வாடியது. ஆனாலும் பேச்சை நிறுத்தவில்லை. என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு காட்டுக்கு அழைத்துப் போனார். வரப்பில் ஏறியதும் பார்த்தேன். குச்சி ஊன்றி, கயிறு கட்டி, அதில் சாய்ந்து நிற்கிற செடிகள். பச்சையும் மஞ்சளும் சிவப்புமாகக் காய்கள். காட்டைச் சுற்றி ஒரு வரிசை செண்டுமல்லி பூத்துக் கிடந்தது, புழுவை இழுக்க அவன் நடச் சொன்னதாம். நடுநடுவே குச்சிகளில் மஞ்சள் டப்பாக்கள். நான் வெறும் சொல்லாகப் போனில் கடத்தியது எல்லாம் அங்கே பொருளாக நின்றுகொண்டிருந்தது. அவன் இதைப் பார்த்திருந்தால் சந்தோஷத்தில் கத்தியிருப்பான்.

அந்த அம்மா ஒரு இலையைத் திருப்பிக் காட்டினார். "எலைக்கு அடியில பாத்தீங்களா, மொதல்ல அதப் பாருங்கன்னு தம்பி சொல்லிக்கிட்டே இருக்கும். இப்ப ஊருல எல்லாரும் அதச் சொல்லித்தான் சிரிச்சிக்குவோம். மருந்துக் கடைக்குப் போற ஆளப் பாத்தா, எலைக்கு அடியில பாத்தியான்னு கேப்போம்."

நான் அந்த இலையையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் பிள்ளையின் பேச்சு இன்னொருவர் வாயில். கொஞ்சம் உள்ளூர் ராகத்தோடு, ஆனால் அவன் பேச்சுதான்.

அவர் சொல்லிக்கொண்டே போனார். "கடசியா வந்தப்ப இங்கதாம்மா குத்தவச்சி ஒவ்வொரு நாத்தா புடுங்கிப் பாத்துச்சு. வேர் அழுகலுன்னு சொல்லி, தண்ணி தேங்காம வாய்க்கால் வெட்டச் சொல்லி, அதுவே மம்பட்டிய வாங்கி வெட்டிச்சு. அதுக்குள்ள மழ. தம்பி, வூட்டுக்குள்ள வந்து இரு, மழ வுட்டதும் போலாம்னு எவ்வளவோ சொன்னேன். அம்மா ரெண்டு வாட்டி கூப்புட்டுட்டாங்க, தேடுவாங்க அக்கான்னு சொல்லிட்டுக் கெளம்பிடுச்சு. அதுக்கப்புறம் வரவேயில்ல. நம்ம மேல ஏதாவது கோவமோன்னுகூட நெனச்சேன்."

வரப்பில் உட்கார்ந்தேன்.

இத்தனை நாளும் இந்த அம்மா கூப்பிட்டதால்தான் போனான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மழை விடட்டும் என்று இவர் சொல்லியிருக்கிறார். நான் கூப்பிட்டேன் என்றுதான் அவன் மழையோடு கிளம்பியிருக்கிறான். காய்ச்சல் என்று சொல்ல வேண்டும் என்பதெல்லாம் மறந்துபோயிற்று.

"அவன் அன்னிக்கு வூடு வந்து சேரலீங்க" என்றேன்.

அவருக்கு உடனே புரியவில்லை. என் முகத்தைப் பார்த்தார். மன்றத்துப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். அவள் அழுதுகொண்டிருந்தாள். மெல்ல மெல்ல அவர் முகம் மாறியதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். தலையில் இருந்த துண்டை உருவி வாயில் பொத்திக்கொண்டார். அப்படியே செடிகளுக்கு நடுவில் மண்ணில் சரிந்தார்.

"நாந்தான கூப்புட்டேன்… ஐயோ, நாந்தான கூப்புட்டேன்… பாழாப்போன இந்தச் செடிக்காக நாந்தான கூப்புட்டேன்…"

வாரக்கணக்கில் நான் என் மனதுக்குள் அவருக்கு எதிராகச் சொல்லிக்கொண்டிருந்த அதே சொற்கள். அவர் வாயிலிருந்தே வந்தன. அதை நான் கேட்க வேண்டும் என்றுதான் ஒரு காலத்தில் ஆசைப்பட்டேன். இப்போது கேட்க முடியவில்லை. கையால் நெஞ்சில் அடித்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த ஒரு செடியைப் பிடித்துப் பிடுங்கப் போனார். நான் தவழ்ந்து போய் அவர் கையைப் பிடித்தேன்.

"வேணாம்… அவன் பாத்த செடி" என்றேன்.

கையை விட்டார். என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். நான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன். என்ன சொல்வது என்று தெரியாமல், மனதில் இருந்ததையே சொன்னேன். "மழ வுடட்டும்னு நீங்க சொன்னீங்க. நான்தான் ரெண்டு வாட்டி கூப்பிட்டேன். நான் கூப்பிடாம இருந்திருந்தா இங்கயே இருந்திருப்பான்."

அவர் சட்டென்று நிமிர்ந்தார். கண்ணும் மூக்கும் ஒழுகிய அந்த முகத்தில் ஒரு கோபம் வந்தது.

"அப்டிச் சொல்லாதீங்கம்மா. மழ பெஞ்சா பெத்தவ கூப்புடாம வேற யாரு கூப்புடுவா? எம்புள்ள வெளிய இருந்தா நானும் கூப்புடுவேன். நூறு வாட்டி கூப்புடுவேன்."

என் வீட்டில், உறவில், கோயிலில், எத்தனையோ பேர் எனக்கு ஆறுதல் சொல்லியிருந்தார்கள். கடவுளின் சித்தம் என்றார்கள். தைரியமாக இரு என்றார்கள். நான் கூப்பிட்ட அந்த இரண்டு அழைப்புகளைப் பற்றி யாரிடமும் நான் சொன்னதில்லை, என் கணவரிடம்கூட. எனக்கே தெரியாமல் அது உள்ளே கிடந்து அறுத்திருக்கிறது. இந்த அம்மாவைத் திட்டிக்கொண்டிருந்ததெல்லாம் அதை மூடி வைக்கத்தானோ என்னவோ.

"செடி வாடினா நீங்க அவனக் கூப்பிடாம வேற யாரக் கூப்பிடுவீங்க?" என்றேன் நானும். "அதுக்குத்தான அவன் நம்பர் குடுத்துட்டு வந்தான்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தோம். மன்றத்துப் பெண்ணும் வந்து சேர்ந்துகொண்டாள். பக்கத்துக் காட்டில் வேலை செய்தவர்கள் சத்தம் கேட்டு வரப்புக்கு வந்தார்கள். மன்றத்துப் பெண் அவர்களிடம் விஷயத்தைச் சொன்னாள். அவனுக்குத் தெரிந்தவர்கள்தான் எல்லோரும். ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

இன்றைக்கு யாரும் காய் பறிக்கக் கூடாது என்று அந்த அம்மா பிடிவாதமாகச் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. பழுத்தது பழுத்துவிட்டது, ஒரு நாள் விட்டால் கீழே விழுந்து வீணாகும். நான் எழுந்து முந்தானையைச் செருகிக்கொண்டு முதல் காயைப் பறித்தேன். வெயிலில் சுட்டுப்போய் இளஞ்சூடாக இருந்தது. பழக்கமில்லாததால் காம்போடு கொஞ்சம் கிளையும் சேர்ந்து ஒடிந்து வந்துவிட்டது. அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, கட்டைவிரலைக் காம்பின் கணுவில் வைத்து எப்படி மடக்க வேண்டும் என்று காட்டினார். அப்புறம் எல்லோரும் இறங்கினார்கள். பெட்டிகள் நிறைந்தன. முதல் பறிப்பு அன்று ஒரு காட்டில் இருக்கிற பேச்சும் சிரிப்பும் அங்கே இல்லை. காய் பெட்டியில் விழுகிற சத்தமும் அவ்வப்போது யாராவது மூக்கைச் சிந்துகிற சத்தமும்தான்.

கிளம்பும்போது ஒரு பை நிறையத் தக்காளி கொடுத்தார். வாங்க மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் அதில் குழம்பு வைத்தேன். என் கணவர் சாப்பிட்டார். அவருக்கு நடந்ததையெல்லாம் சொன்னேன், அந்த இரண்டு அழைப்புகளையும் சொன்னேன். அவர் என் தலையில் கை வைத்து, "அன்னிக்கு கடை போன்லருந்து நானும்தான் அவனக் கூப்பிட்டேன், உன்கிட்ட சொல்லல" என்றார். அவ்வளவு நாள் ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒன்றையே ஒளித்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். அன்றைக்குத்தான் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து அழுதோம்.

அவன் விபத்துக்குப் பிறகு கல்லூரியில் மன்றத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர்களுக்குப் பயம், கல்லூரிக்கும் பயம். பொங்கல் கழிந்து ஒரு நாள், தக்காளி அக்கா அவர் ஊரிலிருந்து ஏழெட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு கல்லூரிக்கே போய்விட்டார். பிள்ளைகளை அனுப்புங்கள், தனியாக வண்டியில் வர வேண்டாம், பஸ் ஏற்றிவிடுவதும் இறக்கி அழைத்துப் போவதும் எங்கள் பொறுப்பு என்று முதல்வரிடம் பேசியிருக்கிறார்கள். முதல்வர் எங்களைக் கூப்பிட்டு, உங்களுக்கு இதில் வருத்தம் இல்லையே என்று கேட்டார். வருத்தம் இல்லாமல் எப்படி இருக்கும்? இருந்தாலும், போகட்டும் என்றோம். நான் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன். மழை வந்தால் பிள்ளைகள் அந்த ஊரிலேயே இருக்கட்டும், எந்த அம்மா கூப்பிட்டாலும் அந்த ஊர்க்காரர்கள் போனை வாங்கி, "புள்ள இங்க பத்திரமா இருக்குது, காலைல அனுப்பறோம்" என்று சொல்லட்டும். இன்றுவரை அப்படித்தான் நடக்கிறது.

என் மகன் திரும்பி வரவில்லை. மன்றம் மறுபடி நடப்பதால் அந்த இடம் நிரம்பிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன், அது பொய். ஐப்பசி மழை பிடித்தால் இப்போதும் எனக்கு இருப்புக் கொள்ளாது. அப்போதெல்லாம் தக்காளி அக்காவிடம் பேசுவேன். சில நேரம் இரண்டு பேரும் ஒன்றும் பேசாமலேயே மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்போம். குறை சொல்ல ஒரு ஆள் இருந்தால் துக்கத்தைத் தாங்கிவிடலாம் என்று நம்பியிருந்த நான், யார்மேல் குறை வைத்தேனோ அவர் மடியில்தான் என் துக்கத்தை இறக்கி வைக்க முடிந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம், அன்றைக்கு அந்த பஸ்ஸில் ஏறாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருப்பேனோ என்று இன்றும் பயமாக இருக்கிறது.